ஒன்பதாம் வளைவில் தண்ணீர்

உச்சிக்கானல் மலையின் முகட்டில் ரோட்டுக்குக் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கோதண்டம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது மணி இரண்டே கால். பந்தயத்தன்று இரண்டே காலுக்குத்தான் அவர்களும் இங்கே வந்து சேருவார்கள். இருபத்தோரு நாள் சைக்கிள் பந்தயத்தின் பதினேழாம் நாள், நூற்றறுபது கிலோமீட்டர் மிதித்த பிறகு, புறப்பட்ட நூற்றெழுபது பேரில் மிஞ்சிய நூற்றுச் சொச்சம் பேர், வாயைப் பிளந்துகொண்டு, கன்னத்தில் உப்புப் பூத்து, முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படாமல் இந்தக் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் விழுவார்கள். விழுவார்கள் என்றா நினைத்தோம்? இறங்குவார்கள். இறங்குவார்கள் என்று இரண்டு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆனால் முதலில் வந்த சொல் போகவில்லை, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அங்கேயே இருந்தது. பத்தொன்பது கிலோமீட்டர் இறக்கம், முப்பத்தெட்டு கொண்டை ஊசி வளைவு, அடிவாரத்தில் முடிவுக்கோடு. முடிவுக்கோட்டை மேலேயே வைத்துவிட்டால் இந்த முப்பத்தெட்டும் வேண்டாம். மேலேயே வைக்கலாம். ஆனால் மேலே டி.வி. வண்டிகள் நிற்க இடமில்லை, ஜனம் வந்து சேராது, அதற்கும் மேலாக, இறக்கம் இல்லாத மலை பாதிக் கதை. அப்படித்தான் போன வருஷமும் சொன்னார். இதே வார்த்தையில் சொன்னார். கியரைப் போட்டார்.

மலை தேடுவதுதான் அவர் வேலை. பந்தயக் குழுவில் அவருக்குப் பாதை அமைப்பாளர் என்று பேர். சமவெளி நாள்களின் பாதையை யார் வேண்டுமானாலும் போடலாம், ஊரையும் ஊரையும் சேர்த்தால் ரோடு. மலை நாள் ஐந்தையும் அவர்தான் போட வேண்டும், அதில் மூன்று கடைசி வாரத்தில், உடம்பில் ஒன்றும் மிச்சமில்லாதபோது. முதல் வாரத்து மலை கிள்ளுவது மாதிரி. கடைசி வாரத்து மலை, அடிபட்ட இடத்திலேயே திரும்ப அடிப்பது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு ஆறு ஏற்றம் என்று பத்து கிலோமீட்டர் போகவிட்டு, கால் அந்தத் தாளத்துக்குப் பழகி வரும்போது சட்டென்று பதினாலுக்குத் தூக்க வேண்டும். எழுநூறு மீட்டர் அப்படி. பிறகு ஐந்துக்கு இறக்கினால் அப்பாடா என்று மூச்சு விடுவான். அந்த மூச்சு பாதி வெளியே வந்திருக்கும்போது பதிமூன்று. அந்த அப்பாடாவை எங்கே வைப்பது என்பதில்தான் வித்தையே இருக்கிறது. பென்சிலால் அந்த ஏற்ற இறக்கத்தை வரையும்போது தாடை இறுகிப் பல் நறநறக்கும். மனைவி மங்கையர்க்கரசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “யாரக் கடிச்சித் தின்னப் போறீங்க?” என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். போன வருஷம் வரை வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவரும் ஒரு காலத்தில் ஓட்டியவர்தான். ஐந்து வருஷம் ஓட்டி ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை. ஜெயிப்பது அவர் வேலையில்லை. மலையடியில் முன்னால் போய் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருந்து, பின்னால் வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட வேண்டும், கடைசியில் தன் அணித் தலைவனைத் தனியாக விட்டுவிட்டு ஓரமாகச் சாய வேண்டும். முதுகுக்குப் பின்னால் மனுஷ மூச்சு மிருக மூச்சாக மாறுவதைக் கேட்டுக்கொண்டே மிதிப்பது. அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை ஆரணி ரோட்டில் விழுந்து, லாட்ஜ் குளியலறையில் துணி துவைக்கிற பிரஷ்ஷால் தொடையில் புதைந்த ஜல்லியைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார், வாயில் துண்டைக் கவ்விக்கொண்டு. சிமெண்டுத் தரையில் தண்ணீர் வெற்றிலை எச்சில் நிறத்தில் ஓடியது. அப்போதும், அந்த வலிக்குள்ளேயும், தனக்குப் பின்னால் விழுந்த மூன்று பேர் இன்னும் மோசமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு இருந்தது. அதில் ஒரு சுகம் இருந்தது.

முதல் வளைவு, அகலம் நன்றாக இருக்கிறது. இரண்டாவதில் உள்பக்கம் தார் பெயர்ந்திருக்கிறது, ஒட்டுப் போடச் சொல்ல வேண்டும். பக்கத்து இருக்கையில் ஜெபஸ்தியான் மடியில் அட்டையை வைத்துக் குறித்துக்கொண்டு வந்தான். முப்பத்தொரு வயது, தூத்துக்குடிப் பக்கம், சைக்கிள் ஓட்டுநர் சங்கத்தின் பிரதிநிதி. போன வருஷத்துக்குப் பிறகு வந்த புது விதி இது: மலை நாள் ஒவ்வொன்றிலும் பாதை அமைப்பாளரோடு சங்கத்தின் ஆளும் இறங்கிப் பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அவனைப் போட்டார்கள். வேறு ஆளா இல்லை சங்கத்தில், அவனையா போட வேண்டும்? அவன் இடது தாடைக்குள் தகடு இருந்தது, ஏழு திருகாணியோடு. மென்று தின்னும்போது டிக் டிக்கென்று கேட்கும். காலையில் அடிவாரத்து ஓட்டலில் பொங்கலை மெல்லும்போதும் கேட்டது, கோதண்டம் தன் இலையைப் பாதியில் மூடிவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். “நாலாவது நல்லாருக்கு அண்ணாச்சி,” என்றான் ஜெபஸ்தியான், குனிந்தபடி. “வெளிய சுவரு ஒசரமா இருக்கு. அஞ்சாவதுக்கு மெத்தை கெட்டச் சொல்லணும்.” அவன் குரலில் ஒரு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “உனக்கு இந்த இறக்கம் வேணாம்னா சொல்லுப்பா,” என்றார் கோதண்டம், “நான் குழுவுல பேசறேன். மேலயே முடிச்சிக்கலாம்.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “பயலுவோ எல்லாரும் வேணும்னுதான் சொல்லுதானுவோ அண்ணாச்சி. ஏத்தத்துல விட்டத எறக்கத்துலதான் பிடிக்க முடியும்னு. எம் பேச்ச எவன் கேப்பான்? நான் ஒருத்தன் சக்கரத்துல மோதுன ஆளு.” சொல்லிவிட்டு மறுபடி குனிந்து எழுத ஆரம்பித்தான். ஐந்து, மெத்தை. அந்த மூன்று சொல்லை, ‘சக்கரத்துல மோதுன ஆளு’வை, ஊர் பேர் சொல்கிற மாதிரி சொன்னான். என் ஊர் தூத்துக்குடி, நான் சக்கரத்தில் மோதின ஆள்.

மோதவில்லை என்பது கோதண்டத்துக்குத் தெரியும். உலகத்தில் அவருக்குத்தான் தெரியும். ஆறாவது வளைவைத் திருப்பினார், ஏழாவதைத் திருப்பினார். ஒன்பது வரப்போகிறது, இங்கேயும் ஒரு ஒன்பது உண்டு, ஒன்பது என்பது எல்லா மலையிலும் உண்டுதான், எட்டுக்குப் பிறகு ஒன்பதுதான் வரும், வேறென்ன வரும். போன வருஷத்து மலையான சேம்பாறையில் ஒன்பதாம் வளைவுக்கு மேலே ஒரு குடிநீர்த் தொட்டி இருந்தது. போன வருஷம் இதே மாதிரி பாதை பார்க்கப் போனபோது ரோடு கூட்டுகிற பூவாயி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னாள்: “சார், இங்க தண்ணி வரும். மத்தியானத்துல மேல மோட்டாரு போடுவாங்க, தொட்டி ரொம்பிப் போச்சின்னா வழிஞ்சி ரோட்டுக்கு வந்துரும். போன மாசம் ஒரு மொபட்டுக்காரன் வழுக்கி முட்டி பேந்துபோச்சி. பாத்து விடுங்க புள்ளைங்கள.” அவர் குறித்துக்கொண்டார். சட்டைப்பை நோட்டில், ‘9 தொட்டி’ என்று. கீழே பஞ்சாயத்து ஆளின் நம்பர். அறிக்கையில் எழுதவில்லை. எழுதியிருந்தால் பாதுகாப்புக் குழு இறக்கத்தையே வெட்டியிருக்கும், நாலு மாசமாகப் பல்லைக் கடித்து வரைந்த பதினாலாம் நாள் பாதியாகப் போயிருக்கும். எழுதுவானேன், அன்றைக்குக் காலையில் ஒரு போன் போட்டு, இன்றைக்கு ஒரு நாள் மோட்டார் போடாதேப்பா என்றால் தீர்ந்தது. ஒரு போன். அரை நிமிஷம். காலையில் போடலாம் என்று நினைத்தார், புறப்படுகிற இடத்தில் சத்தம். மலையடியில் போடலாம் என்று நினைத்தார். மலையடியில், பந்தயத்துக்கு முன்னால் போகிற முன்வண்டியின் மேல்கதவைத் திறந்து எழுந்து நின்று பின்னால் பார்த்தார், பார்த்தவர் பார்த்தபடியே நின்றுவிட்டார். ஏனென்றால் அது நடந்துகொண்டிருந்தது. தாளில் அவர் வரைந்தது ரோட்டில் நடந்துகொண்டிருந்தது. பதினாலு ஏற்றத்தில் நாலு பேர் கழன்றார்கள். ஐந்தில் அப்பாடா வந்தது, தோள்கள் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. பதிமூன்றில், சரியாக அவர் பென்சிலை அழுத்தின இடத்தில், அதுவரை மொத்தக் கணக்கில் முதலில் இருந்தவன் தலையைத் தொங்கவிட்டு, ஆணி கழன்ற பொம்மைபோல இடமும் வலமும் ஆடி, ரோட்டோரத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே மிதித்தான். “விழுந்தான்! விழுந்தான்டா!” என்று கோதண்டம் கத்தினார், கத்திக்கொண்டே டிரைவரின் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தார். சட்டைப்பையில் போன் இருந்தது, நோட்டும் இருந்தது. மணி பன்னிரண்டு நாற்பது. மேலே எவனோ ஒருவன் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான்.

ஒன்பது போய்விட்டது. திரும்பினது கூடத் தெரியவில்லை, பத்தில் இருந்தார். “ஒன்பது குறிச்சியா?” “குறிச்சாச்சி அண்ணாச்சி.” என்ன குறித்தான் என்று கேட்கவில்லை. சேம்பாறையில் அன்றைக்கு மருதையன்தான் மலை முகட்டை முதல் ஆளாகத் தாண்டினான். இருபத்து நாலு வயசு, பெரம்பலூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டுப் பையன், இறக்கத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. மோவாயை ஹேண்டில்பாரில் பதித்து, முழங்காலை உள்ளே ஒடுக்கி, எறிந்த கல் மாதிரி வருவான். பின்னாலேயே இரண்டு சைக்கிள் தூரத்தில் ஜெபஸ்தியான். இருவரும் ஒரே அணி, ஒரே அறை, ஒரே தட்டில் தின்கிறவர்கள். ஒன்பதாம் வளைவில் மரம் மூடியிருந்தது, ஹெலிகாப்டர் கேமராவுக்குத் தெரியவில்லை. சுவர் முழங்கால் உயரம். மருதையன் சுவரைத் தாண்டிப் போனான், நாற்பதடி. ஜெபஸ்தியான் சுவரில் முகத்தை மோதினான். முன்வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கோதண்டம்தான் முதலில் இறங்கினார், வேரையும் புல்லையும் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை கிழிய. பையனுக்குக் கண் திறந்திருந்தது. வலது தொடை எலும்பு காலுடுப்பைக் கிழித்து வெளியே வந்து வெள்ளையாக, கழுவி வைத்ததுபோலச் சுத்தமாக இருந்தது. இடது கால் இன்னும் மிதித்துக்கொண்டிருந்தது. மிதிக்கப் பார்த்தது, பாறையில் குதிகால் தட்டித் தட்டி. மேலே ஏறி வந்து ரோட்டில் நின்றபோது செருப்புக்கடியில் ஈரம். குனிந்து பார்த்தார். பாறை விரிசலிலிருந்து ரோட்டுக்கு ஒரு கை அகலத்தில் தண்ணீர், கண்ணாடி மாதிரி மெல்லிசாக. ஒரு மணிக்குக் கரண்ட் போனது, மோட்டார் நின்றது. வெயில் கொதித்தது. அதிகாரிகள் வந்து சேர்ந்தபோது தார் காய்ந்து வெளுத்திருந்தது. அதற்குள் அவர் செருப்பை ஓரப் புல்லில் தேய்த்துத் துடைத்திருந்தார். எப்போது துடைத்தார் என்று நினைவில்லை. துடைத்த கால் நினைவிருக்கிறது, முதலில் வலது, பிறகு இடது.

விசாரணையில் ஜெபஸ்தியானுக்குத் தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. ஒரு தாளில் ‘தண்ணி கிடந்தது’ என்று எழுதிக் காட்டினான். மறுபடி எழுதினான், பெரிய எழுத்தில், பேனா தாளைக் கிழித்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு இப்படித் தோன்றுவது உண்டு என்றார் டாக்டர். மருதையனின் பின்சக்கரத்தில் ஒரு உரசல் தடம் இருந்தது, விழும்போது எதில் உரசியதோ. பின்னால் வந்தவரின் முன்சக்கரம் தொட்டிருக்கலாம் என்று எழுதினார்கள். கோதண்டத்தைப் பார்த்து, நீங்கள் போனபோது ஈரம் இருந்ததா என்று கேட்டார்கள். “நான் போனப்ப காஞ்சிதான் இருந்தது.” நாலே சொல். அதைச் சொன்னபோது ஜெபஸ்தியான் அவரைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, ஒரு சந்தேகம்தான் இருந்தது, தன்மேலேயே. அந்த நிமிஷத்தில்தான் அவன் நம்பத் தொடங்கினான், தான்தான் தொட்டோம் என்று. அப்புறம் அவன் சைக்கிள் ஏறவேயில்லை. பிறகு மருதையனின் வீட்டுக்குக் குழுவோடு மாலை எடுத்துக்கொண்டு போனபோது, அவன் அம்மா அஞ்சலை எல்லோரையும் விட்டுவிட்டு இவரைப் பிடித்துக்கொண்டாள். ரோடு போட்டவர் நீங்கதானாமே என்றாள். “ரோடு போடலம்மா, பாதை...” “அந்த வளவு எப்பிடி இருக்கும்னு ஒரு தடவ வரஞ்சி காட்டுங்க சார்.” காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். கை பழக்கத்தில் அழகாக வந்தது. “இங்கருந்து இங்க வர எம்மா நேரம் ஆகும்?” “மூணு செகண்டும்மா.” “மூணு,” என்றாள். விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து மெல்ல இழுத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று, கோடு முடிந்த இடத்தில் விரல் நின்றது. மறுபடி ஆரம்பத்துக்குப் போனாள். தண்ணீரை அவர் அந்தப் படத்தில் வரையவில்லை.

பதினெட்டு, பத்தொன்பது. உள்ளங்கை ஸ்டியரிங்கில் வழுக்கியது. இந்த மலையில் தொட்டி கிடையாது. மூன்று தடவை விசாரித்தாகிவிட்டது, மேலே ஊரே கிடையாது, காடு. காட்டில் ஊற்று இருக்கும். ஊற்றும் கிடையாது என்றார்கள். இல்லை என்பவர்களை எப்படி நம்புவது, கேட்டபோது நானும்தான் இல்லையென்றேன். இருபது. ஒவ்வொரு சுவருக்கும் அந்தப் பக்கம் ஒரு கால் மிதித்துக்கொண்டிருந்தது. இருபத்தொன்றில் வேகம் கொஞ்சம் கூடியிருந்தது, அவர்தான் கூட்டியிருக்கிறார், சீக்கிரம் இறங்கிவிட்டால் போதும் என்று. இருபத்திரண்டைத் திருப்பியதும் ரோடு முழுக்கக் கறுப்பாக, பளபளவென்று, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தண்ணீர். கோதண்டம் இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார். ஜீப் அலறிக்கொண்டு பின்பக்கம் சுழன்று, சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. ஜெபஸ்தியானின் தாடை முன்பலகையில் மோதிய சத்தம் கேட்டது.

“என்ன அண்ணாச்சி!”

“தண்ணி,” என்றார் கோதண்டம். “தண்ணி. தண்ணிப்பா.”

ஜெபஸ்தியான் தாடையைப் பிடித்தபடி கண்ணாடி வழியே பார்த்தான். “எங்க தண்ணி? நெழலுல்லா அது. பலா மரத்து நெழலு.” நிழல்தான். காற்றடித்தபோது அசைந்தது. தார் எலும்புபோலக் காய்ந்து கிடந்தது. அவன் சிரிக்கப் பார்த்தான், பிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றது. கோதண்டத்தின் கைகளைப் பார்த்தான். வண்டி நின்ற பிறகும் அவை ஸ்டியரிங்கை விடவில்லை.

“தண்ணின்னு ஏன் சொன்னீய?”

சொல்வதற்குப் பொய் தயாராக இருந்தது. பாதை பார்க்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் தண்ணியாத்தான் தெரியும் என்று சொல்லிச் சிரித்தால் போதும், அவன் ஒப்புக்கொள்வான், அவன் தன்னையே ஒப்புக்கொடுத்த ஆள். இன்னும் பதினாறு வளைவு, அப்புறம் அடிவாரம், டீ, கையெழுத்து. ஒரு வருஷம் தாங்கியதை இன்னும் பதினாறு வளைவு தாங்க முடியாதா? வாயைத் திறந்தார். பொய்யைச் சொல்லத்தான் திறந்தார். “மேல தொட்டி இருந்தது,” என்றார். “சேம்பாறையில. ஒம்போதாவதுக்கு மேல. மத்தியானத்துல வழியும். ரோடு கூட்டற அம்மா சொன்னா, எழுதி வெச்சிருந்தேன். போன் பண்ண நெனச்சேன். மறந்துட்டேன். நான் எறங்கிப் பாத்தப்ப தண்ணி இருந்ததுப்பா. நீ சொன்னது நெசம்.”

 வெளியே ஏதோ ஒரு குருவி இரண்டு தரம் கத்தி ஓய்ந்தது. பிறகு ஜெபஸ்தியானின் முழங்கை வந்தது. வந்தது தெரியவில்லை, மூக்குக்குள் ஏதோ முறிந்து சூடாக வாய்க்குள் ஒழுகுவதுதான் தெரிந்தது. கதவு திறந்தது, சட்டைக் காலரோடு இழுபட்டார், முழங்கால் தரையில் அடித்தது, உள்ளங்கை உரிந்தது. விலாவில் ஓர் உதை. அதே இடத்தில் இன்னொன்று. அடிபட்ட இடத்தில் திரும்ப அடிக்கிறான், சரிதான், அதுதான் முறை என்று ஒரு மூலையில் நினைப்பு ஓடியது, இந்த நேரத்திலும் ஓடியது, அதை நினைத்து அருவருப்பாக இருந்தது. தலைமயிரைப் பிடித்து முகத்தை ரோட்டில் வைத்துத் தேய்த்தான். தார் வாசனை. வெயில் சூடு. கன்னத்துக்குள் ஜல்லி ஒவ்வொன்றாக இறங்குவது தனித்தனியாகத் தெரிந்தது. பல் ஒன்று கழன்று நாக்கில் உருண்டது. “எழுதிக் காட்டுனேனேலே!” அவன் குரல் மனுஷக் குரலாக இல்லை. “தாடையக் கெட்டிப் போட்டுருந்தானுவோ, எழுதிக் காட்டுனேனே! நீ எதுத்தாப்புல குத்தவச்சிருந்தியே! பாத்துக்கிட்டே இருந்தியேலே!” கோதண்டம் கையை உயர்த்தவில்லை. தடுக்க வேண்டுமென்று உடம்பு துடித்தது, அவர் விடவில்லை. அடி நின்றபோது ஒரு கண்ணால் மேலே பார்த்தார். ஜெபஸ்தியான் இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கித் தலைக்கு மேலே பிடித்திருந்தான். சுவரிலிருந்து பெயர்ந்த கல், பத்துக் கிலோ இருக்கும். கல்லுக்குப் பின்னால் வானம் வெளுத்துக் கிடந்தது. போடட்டும் என்று தோன்றியது. உடனே, ஐயோ வேண்டாம், மங்கை, என்று தோன்றியது. மூத்திரம் பிரிந்து தொடை நனைந்தது. ஒரு கணம், இரண்டு கணம். கல் அவரைத் தாண்டிப் போய் ஜீப்பின் முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

ஜெபஸ்தியான் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான். கை விரல் முட்டிகளில் ரத்தம், அவருடையதோ அவனுடையதோ. அவன் மூச்சு அடங்க வெகு நேரமானது.

“அப்ப நான் தொடலயா?”

“தொடல.”

“எஞ் சக்கரம் அவஞ் சக்கரத்துல படலயா?”

“படல.” வாய் வீங்கிச் சொல் சரியாக வரவில்லை.

“இன்னொருக்க சொல்லு.”

“நீ தொடலப்பா. தண்ணிதான். நான்தான்.”

“ராத்திரி ராத்திரி கண்ண மூடுனா தொடுத மாரியே இருக்கும்,” என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு. “தொடாத சக்கரத்த. டிக்குனு ஒரு சத்தம். அந்தச் சத்தத்த நானா உண்டாக்கிக்கிட்டேன் போலுக்கு. அவுங்கம்மா மொகத்துல முழிக்கல நான். பதினாறாம் நாள் விசேசத்துக்குக் கூடப் போவல. தெருமுனை வரைக்கும் போயிட்டு பஸ் ஏறிட்டேன்.” முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது. கோதண்டம் எழுந்து உட்காரப் பார்த்தார், விலாவில் குத்தியது, ஒருக்களித்தபடியே கிடந்தார்.  தேறுதல் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ரத்தமும் பல்லுமாகத் துப்பினார்.

உச்சிக்கானலில் அந்த வருஷம் யாரும் ஏறவில்லை. பதினேழாம் நாளை வேறொருவர் வேறொரு மலையில் போட்டார். விசாரணையைத் திரும்பத் திறந்தார்கள், கோதண்டம் மூக்கில் கட்டோடு போய் நின்று பூவாயியின் பேரைச் சொன்னார், அவளையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். வழக்கு, போலீஸ், பேப்பர் எல்லாம் பிறகு வந்தன. அவற்றை அவரால் தாங்க முடிந்தது. தாங்க முடியாதது அன்றைக்கே, அந்த ரோட்டிலேயே நடந்தது.

“போன் போடு,” என்றான் ஜெபஸ்தியான். நிமிர்ந்திருந்தான். கண் சிவந்து, முகம் காய்ந்திருந்தது. “அவுங்கம்மாட்ட. இப்பமே. நீதான் சொல்லணும்.”

கோதண்டம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ரத்தம் பட்ட விரலுக்குத் திரை வேலை செய்யவில்லை, வேட்டியில் துடைத்துத் துடைத்து எண்ணைத் தேடினார். எப்படி ஆரம்பிப்பது? தண்ணி இருந்தது என்றா? தண்ணி என்ன செய்யும். மோட்டார் போட்டார்கள் என்றா? மோட்டார் போட்டவன் என்ன செய்வான். ஒவ்வொரு வாக்கியமும் வேறு யாரையோ முன்னால் நிறுத்திக்கொண்டு வந்தது. நான் என்று ஆரம்பிக்க வேண்டும். நான், நான் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். ஆடு கத்தியது. “யாரு?” என்றாள் அஞ்சலை.

“நான் கோதண்டம்மா. பாதை அமைக்கறவன்.” மூச்சு வாங்கியது. “எனக்குத் தெரியும்மா. அந்த வளைவுல தண்ணி வரும்னு எனக்கு முன்னாலயே தெரியும். நான் யாருக்கும் சொல்லல. கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். உங்க பையன் அந்தத் தண்ணியிலதான் வழுக்கினான். ஜெபஸ்தியான் தொடல. அவன்மேல தப்பே இல்ல.”

 ஆடு மறுபடி கத்தியது, யாரோ அதை அதட்டினார்கள். கோதண்டம் காத்திருந்தார். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், நீ நல்லா இருப்பியா என்பாள், என் வயிறு எரியிற மாதிரி என்பாள். வா, வா என்று அதற்கு உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்த அடி மட்டும் விழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

“அந்தத் தம்பி எங்க இருக்கான் இப்ப?” என்றாள் அஞ்சலை.

“இங்கதாம்மா. பக்கத்துலதான்.”

“அவங்கிட்ட குடுங்க.”

“அம்மா, நான்...”

“போன அவங்கிட்ட குடுங்க.”

கொடுத்தார். ஜெபஸ்தியான் இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “ஆமாம்மா,” என்றான். “இல்லம்மா. ம். ம்.” கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. “சாப்புட்டேம்மா. காலையில பொங்கல் தின்னேன்... இல்ல, இப்ப வலி இல்ல.” எழுந்து, போனைக் காதில் அழுத்தியபடி, வெயிலில் ரோட்டின் நடுவே மெல்ல இறங்கி நடந்தான். கோதண்டம் தார்மேல் கிடந்தபடி அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, உன்னிடம் பேச வேண்டுமாம் என்று போனை நீட்டுவான் என்று காத்திருந்தார். அடுத்த வளைவில் அவன் திரும்பினான். பிறகு குரலும் கேட்கவில்லை.